ஹைஸ்கூல் பாடத்திட்டம்: விரிவா, பிரிவா?

வருஷந்தோறும் பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியானவுடன் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: "எந்தக் குரூப்?" பதினைந்து பதினாறு வயதுள்ள ஒரு பிள்ளை இனிக் கணிதம் பயில்வதா, சரித்திரம் பயில்வதா, மின்சார வேலை பழகுவதா என்பதைப் பெரும்பாலும் அதன் மார்க்குகளே தீர்மானித்துவிடுகின்றன. நிறைய மார்க்கு வாங்கியவருக்கு விஞ்ஞானம், அடுத்தவருக்கு வணிகவியல், எஞ்சியவருக்குத் தொழிற்கல்வி. இப்படி ஒரு படிக்கட்டு நம் பள்ளிக்கூடங்களில் ஏற்பட்டிருக்கிறது. இதனைச் சட்டம் எதுவும் விதிக்கவில்லை. கல்வியை விரிவாக்குகிறோம் என்று எண்ணி, மாணாக்கரைப் பிரித்துக்கொண்டே வந்ததன் பலன் இது.

பழைய சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியதிலிருந்து, அதன் மெட்ரிகுலேஷன் பரீட்சைதான் ஹைஸ்கூலில் என்ன கற்பிப்பது என்பதை நிர்ணயித்தது. இதன் குறுகிய தன்மையை 1882-இல் நியமிக்கப்பட்ட ஹண்டர் கமிஷன் கண்டுகொண்டது. மேல்வகுப்புக்களில் இரண்டு வழிகள் இருக்கட்டும், ஒன்று சர்வகலாசாலைக்கும் மற்றொன்று வியாபாரம் முதலிய அனுபவத் துறைகளுக்கும் செல்லட்டும் என்று அது சிபார்சு செய்தது. நோக்கம் நல்லதுதான். ஆயினும் உத்தியோகத்தின் வாசலும் பட்டத்தின் வாசலும் முதல் வழியிலேயே இருந்தபடியால், இரண்டாவது வழியை நாடியவர் சிலரே.

எழுபது வருஷங்களுக்குப் பின்னர், 1952-இல், டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியாரின் தலைமையில் இடைநிலைக் கல்விக் கமிஷன் அமைந்தது. மறு வருஷம் வெளிவந்த அதன் அறிக்கை, பொதுவான பாடங்களோடு ஏழு பிரிவுகளை வகுத்தது. மானிடவியல், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்பவை அவை. பல்நோக்குப் பள்ளிகளும் தேசமெங்கும் திறக்கப்பட்டன. ஆனால் பட்டறைக்குக் கருவி இல்லை; விவசாயத்துக்கு நிலம் இல்லை; நுண்கலைக்கு உபாத்தியாயர் இல்லை. பெயர்ப்பலகை நின்றது, பிரிவுகள் பல நிற்கவில்லை.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன் வேறொரு முடிவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பு வரை எல்லா மாணாக்கருக்கும் பொதுக் கல்வியே இருக்கட்டும். கணிதமும் விஞ்ஞானமும் யாவருக்கும் கட்டாயமாகட்டும். கையால் உழைத்துப் பெறும் அனுபவமும் யாவருக்கும் கிடைக்கட்டும் என்றது. முதலிரண்டு யோசனைகளையும் நாடு ஏற்றுக்கொண்டது. மூன்றாவது ஏட்டோடு நின்றது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புக்கள் தொடங்கியபொழுது தொழிற்கல்வியும் ஒரு பிரிவாகவே வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் வந்திருக்க வேண்டிய பிரிவினை பதினொன்றாம் வகுப்புக்குத் தள்ளிப்போயிற்று, ஒழியவில்லை.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனி அனுபவமும் உண்டு. 1953-இல் சென்னை ராஜ்யத்தில் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் புகுத்தப்பட்ட திட்டம், பாதி நேரம் பள்ளிப் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, பலத்த எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954-இல் அது கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவர் மகனுக்குச் செருப்பும், பள்ளி உபாத்தியாயர் மகனுக்குப் புத்தகமும் என்று முடியக்கூடிய ஏற்பாட்டை ஜனங்கள் ஒப்பவில்லை, ஒப்பாததும் நியாயமே. அன்று முதல் "கைத்தொழில்" என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் நம்மவரிடையே நிலைத்துவிட்டது. சந்தேகத்தின் இலக்கு கைத்தொழில் அன்று, அதனைப் பிறப்பைக் கொண்டு பங்கிடும் முறையே என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும். ஒரு சிலருக்கு மட்டும் அளிக்கப்படும் கைத்தொழில் மாணாக்கரைத் தாழ்த்தும்; எல்லாருக்கும் அளிக்கப்படும் கைத்தொழில் அவர்களைச் சமமாக்கும்.

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். பாடத்திட்டத்தின் விரிவு பள்ளிக்கூடத்துக்கு உரியதாக இருந்தால் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியதாக இருக்க வேண்டும். ஒரே பள்ளியில் ஏழு கதவுகளை வைத்து, ஒருவனை ஒரு கதவுக்குள் மட்டும் அனுமதிப்பது விரிவாகாது.

இது நடைமுறையில் எங்கே தெரியும்? அறிக்கையில் அன்று, கால அட்டவணையில்தான். 2005-ஆம் வருஷத்துத் தேசீயக் கலைத்திட்ட வடிவமைப்பு, கலைக்கும் உழைப்புக்கும் உடல்நலத்துக்கும் உரிய இடம் அளிக்கச் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பின் பொதுப் பரீட்சையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்ற ஐந்து பாடங்களே 500 மார்க்குகளையும் ஆளுகின்றன. பரீட்சை நெருங்கியதும் ஓவிய வகுப்பைக் கணித உபாத்தியாயர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். விளையாட்டு வகுப்பில் விஞ்ஞானம் திரும்பப் படிக்கப்படுகிறது. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். முழுநேரப் பாடத்துக்கு முழுநேர ஆசிரியர், மற்றதற்குப் பகுதிநேரம் என்றால், எது மேல், எது கீழ் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாரத்துக்கு நாற்பது பாடவேளைகள் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது, பத்தாம் வகுப்புக்களில் தமிழுக்கு 7, ஆங்கிலத்துக்கு 6, கணிதத்துக்கு 7, அறிவியலுக்கு 7, சமூக அறிவியலுக்கு 6, ஆக 33. மீதமுள்ள ஏழில் கைத்தொழிலுக்கு 3, கலைக்கு 2, உடற்பயிற்சிக்கு 2. இந்த ஏழையும் வேறு எவரும் எடுத்துக்கொள்ளலாகாது என்று விதித்துவிட்டால் போதும். தச்சு, தையல், மின்சாரப் பழுது, தோட்ட வேலை, சமையல் ஆகியவற்றுள் பள்ளிக்கு இயன்றதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு இயந்திரம் என்ற பாகுபாடு கூடாது. தகப்பனார் தொழிலே பிள்ளையின் தொழில் என்பதும் கூடாது.

"ஏற்கெனவே சுமை தாங்காத பிள்ளைகள் மீது இன்னும் ஏற்றலாமா? மேற்படிப்புப் போட்டிப் பரீட்சைகளுக்கு இது உதவுமா?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சுமை பாடங்களின் எண்ணிக்கையால் வருவதைவிட, ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் திணிக்கப்படும் செய்திகளால் வருவதே அதிகம். கதவின் நிலையை அளந்து அறுப்பவன் வடிவகணிதத்தை மறுமுறையும் படிக்கிறான். விதையின் முளைப்பை நாள்தோறும் குறித்து வைப்பவள் தாவரவியலை உருப்போட வேண்டியதில்லை. கைத்தொழிலுக்கும் மார்க்குப் போட்டால் அதற்கும் நோட்ஸ் புறப்பட்டுவிடும். ஆதலின் செய்து முடித்த வேலையைப் பார்வையிட்டு, சான்றிதழில் ஒரு வரி பதிந்தால் போதுமானது.

எல்லாரையும் உட்கொள்வது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்ததை 2010-ஆம் வருஷத்துச் சமச்சீர்க் கல்விச் சட்டம் ஒன்றாக்கிற்று. 2011 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் அதை நடைமுறைப்படுத்தும்படி உத்தரவிட்டது. அது பெரிய காரியம். ஆனால் ஒரே புத்தகம் எல்லார் கையிலும் இருப்பதால் மட்டும் எல்லாரும் ஒன்றே கற்றதாகிவிடாது. கண்பார்வையற்ற மாணவனுக்குப் பரீட்சையன்று எழுதித் தருபவரை அனுப்புகிறோம். வருஷம் முழுவதும் நிலப்படத்தை அவன் விரலால் தொட்டு அறிய என்ன செய்தோம்? 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கோருவது சலுகையன்று, சமமான கல்வியே. பாடம் எழுதும்போதே இவர்களை எண்ணி எழுத வேண்டும்.

மேல்நிலை வகுப்பிலும் சுவரில் ஒரு வாசல் திறக்கலாம். விஞ்ஞானம் பயில்பவர் சரித்திரத்தையோ இசையையோ, வணிகம் பயில்பவர் ஒரு கைத்தொழிலையோ கூடுதலாகப் பயில இடமிருக்கட்டும். சிறிய பள்ளிகளால் தனித்து இயலாவிடில், அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் ஓர் உபாத்தியாயரையும் ஒரு பட்டறையையும் பகிர்ந்துகொள்ளலாம்.

கமிஷன்கள் நமக்குப் பஞ்சமில்லை. அவற்றின் நல்ல வார்த்தைகள் ஒவ்வொரு முறையும் உபாத்தியாயர் பதவி உண்டாகாமையால் வீணாயின. இனிப் பாடத்திட்டத்தை மாற்றும் ஒவ்வோர் உத்தரவோடும், அதனைக் கற்பிக்கப்போகும் ஆசிரியரின் நிரந்தர நியமனமும் கூடவே வரவேண்டும். கற்பிக்க ஆளில்லாத பாடம் காகிதப் பாடமே. சர்க்கார் இதனைச் செய்ய முன்வர வேண்டும். பெற்றோரும் தம் பிள்ளையின் மார்க்கை விசாரிக்கும் அதே சிரத்தையோடு பள்ளியின் கால அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.