தாயின் கையெழுத்தும் நடைபாதைக் குடிலும்

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களில் எழும் சட்டக் கேள்விகள் பலவகைப்பட்டவை. குழந்தையின் பெயரில் முதலீடு செய்யத் தாயின் கையெழுத்துப் போதுமா? பட்டா இல்லாத குடிசையை முன்னறிவிப்பின்றி இடிக்கலாமா? பத்திரத்தில் பெயர் இல்லாத மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்ற இயலுமா? இக்கேள்விகளுக்கு விடை கண்ட முயற்சிகள் மூன்றிலும் ஒரே வழக்கறிஞரின் பெயரைக் காண்கிறோம். அவர் இந்திரா ஜெய்சிங்.

1940-ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த அவர், 1981-இல் ஆனந்த் குரோவருடன் இணைந்து ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ என்னும் சட்ட அமைப்பை நிறுவினார். 1986-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் மூத்த வழக்கறிஞரானார். 2009-இல் நாட்டின் முதல் பெண் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார்.

1981 ஜூலையில், மும்பை நடைபாதைவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என மாநில அரசு அறிவித்தது. வறட்சியால் வேலையிழந்து 1961-இல் சேலத்திலிருந்து வந்த தமிழர் ஒருவர், நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலியில், மனைவியுடனும் மூன்று மகள்களுடனும் நடைபாதைக் குடிலில் வாழ்ந்து வந்தார். ஜூலை 23 அன்று குடில் இடிக்கப்பட்டது. குடும்பம் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றப்பட்டது. மனைவியையும் மக்களையும் அங்கேயே விட்டுவிட்டு, வேலை தேடி அவர் மீண்டும் மும்பைக்கே வந்தார்.

அவர் உள்ளிட்டோருக்காக இந்திரா ஜெய்சிங் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எனினும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. மழைக்காலம் முடியும் வரை அகற்றுதல் கூடாது. 1976 கணக்கெடுப்பின்போது அடையாள அட்டை பெற்றோருக்கு மாற்றிடம் தரவேண்டும் என்ற அளவிலேயே நிவாரணம் கிடைத்தது. ஆயினும் குடிசைவாழ் மக்களின் வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது.

வங்கி வாடிக்கையாளருக்கு மிக நெருக்கமான வழக்கு மற்றொன்று. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் 9 சதவீத நிவாரணப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளராகத் தாம் கையொப்பமிட வேண்டும் என்பது கணவரும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு. ஆனால் தந்தையே கையொப்பமிட வேண்டும், இல்லையேல் தாய் காப்பாளர் சான்றிதழ் தரவேண்டும் என்று விடை வந்தது. 1956-ஆம் ஆண்டின் சட்டம், இந்துச் சிறாருக்குத் தந்தையும் அவருக்குப் ‘பின்’ தாயும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. ‘பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்பதே அதுவரை வழங்கிய பொருள்.

இந்திரா ஜெய்சிங் இதனை ஆண், பெண் சமத்துவத்துக்கு முரணானதென வாதிட்டார். 1999 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அச்சொல்லுக்குப் புதுப்பொருள் கண்டது. தந்தை குழந்தையின் பொறுப்பை ஏற்காதபோதும், பெற்றோர் இருவரும் உடன்பட்டபோதும், தந்தை வாழும் காலத்திலேயே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்றது. சட்டப் பிரிவு நீக்கப்படவில்லை. அதன் பொருளே மாறியது.

கேரளத்தின் மேரி ராய் வழக்கில் சிரியன் கிறித்தவ மகளிரின் சமச் சொத்துரிமைக்கும், போபால் நச்சுவாயு விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கும் அவர் வாதாடினார். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உருவானதில் அவரது அமைப்புக்குப் பெரும்பங்குண்டு. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, பத்திரத்தில் பெயர் இல்லாவிடினும் மனைவிக்குக் கணவருடன் வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை உண்டு. சட்ட வழியிலன்றி அவரை வெளியேற்ற இயலாது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்கும் தாய், காப்பாளராகத் தம் பெயரைப் பதிவுசெய்யுமாறு வங்கிக் கிளையில் தயங்காமல் கோரலாம். குடியிருப்புச் சான்று, பழைய வரி ரசீது, அடையாள அட்டை ஆகியவற்றைப் பத்திரமாகப் பாதுகாத்தல் நன்று. 1985-இல் மாற்றிடம் பெறும் தகுதியை முடிவு செய்தது ஓர் அட்டையே. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று பெண்கள் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். அதற்கான தேசிய உதவி எண் 15100.