பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

சென்னைப் புழலில் பிறக்கும் ஒரு குழந்தைக்கு அரசு என்ன செய்யும் என்பது, அது எந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் வளர்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

மத்திய சிறை வளாகத்தில் பெண்களுக்கெனத் தனிச் சிறை உண்டு. கைதியான தாயோடு ஆறு வயது வரை பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைகளைப் பற்றி 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெண்கள் சிறையை ஒட்டிக் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைக் காப்பகத்திலும் மூன்று முதல் ஆறு வரை உள்ளவர்களை மழலையர் பள்ளியிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அவை சிறைக்கு வெளியே நடக்க வேண்டும். சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இருந்த பழைய சிறை புழலுக்கு மாறியதும் அதே 2006இல்தான்.

கொஞ்ச தூரத்தில் காவாங்கரை. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. முகாமில் பதிவான குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளை ஒன்றுக்கு 500 என்று 2021இல் அரசு உயர்த்தியது. சிறிய தொகை. முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் குடியுரிமை இல்லாமல் வாழ்பவர்களின் துயரத்தை அது ஈடுசெய்யாது. ஆனாலும் 'இந்த வீட்டில் ஒரு பிள்ளை வளர்கிறது' என்பதற்காகவே மாதாமாதம் பணம் வருகிறது. ஜெர்மனியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வருகிறது; 2025இல் அது தலைக்கு மாதம் 255 யூரோவாக இருந்தது.

இந்த இரண்டு வளாகங்களுக்கும் வெளியே இருப்பதுதான் மிச்சப் புழல். செங்குன்றம் ரைஸ் மில்லில் புடைக்கவும் கூட்டவும் போகிறவர்கள், மாதவரம் குடோன்களில் மூட்டை பிரிப்பவர்கள், கொளத்தூர் அடுக்குமாடிகளில் நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குபவர்கள் எல்லாம் இங்கிருந்துதான் காலையில் பஸ் ஏறுகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கட்டணம் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பலருக்கும் வருகிறது. இவையெல்லாம் நிஜமான உதவிகள், மறுக்கவே கூடாது. ஆனால் எட்டு மாதக் கைப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு அந்த பஸ்ஸில் ஏறுவது? மாமியார் இருந்தால் மாமியார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆயா. அவரும் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மூத்த மகள். பால்வாடி, இரண்டு வயதான பிறகுதான் பிள்ளையைப் பகலில் வைத்துக்கொள்ளும். அதுவும் மாலைக்கு முன்பே மூடிவிடும். மில் மூடாது.

இதே ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தால் கதை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 90 நாளாக இருந்தது. 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் முழுச் சம்பளத்தோடு ஒரு வருடம். ஐரோப்பாவிலேயே பல நாடுகள் தாய்க்கு முழுச் சம்பளத்தில் இவ்வளவு நாள் கொடுப்பதில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். தனியார் துறைக்கு 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017 திருத்தத்தில் விடுப்பு 26 வாரம் ஆனது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயமானது. ரைஸ் மில்லில் கான்ட்ராக்ட்காரர் மூலம் வரும் ஏழெட்டுப் பெண்களுக்கு இது எப்படிப் போய்ச்சேரும்? வீட்டு வேலை செய்பவரின் முதலாளி யார் என்றே சட்டத்துக்குத் தெரியாது. அவருக்கென்று இருப்பது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்த தொகை அது. தவணை தவணையாக வரும். பணம் வருகிறது. பிள்ளையோடு இருக்க நேரம் வருவதில்லை.

ஐரோப்பா இந்த இடத்தைத் தாண்டி வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அவர்களும் முதலில் பணத்தில்தான் தொடங்கினார்கள். பிரிட்டனில் எலினார் ராத்போன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், குடும்ப உதவித் தொகை பிள்ளைகளின் பேரில் தாயின் கையில் தரப்பட வேண்டும் என்று கால் நூற்றாண்டு போராடினார். 1945இல் சட்டம் வந்தது. இரண்டாவது பிள்ளையிலிருந்து வாரா வாரம் பணம். நம் உரிமைத் தொகைக்கு ஒரு மூத்த உறவு அது. ஆனால் அந்தக் காலத்துச் சட்டங்களுக்குள் ஒரு குடும்பப் படம் இருந்தது: சம்பாதிக்கும் அப்பா, வீட்டைப் பார்க்கும் அம்மா. மேற்கு ஜெர்மனியில் மனைவி வேலைக்குப் போவது குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற விதி 1977 வரை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

ஸ்வீடன் முன்னதாகவே விழித்துக்கொண்டது. 1930களில் அங்கே பிறப்பு விகிதம் விழுந்தபோது எல்லோரும் பதறினார்கள். ஆல்வா மிர்தால், குன்னார் மிர்தால் தம்பதி 1934இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பெண்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் பிள்ளை பிறக்கும் என்று மற்றவர்கள் சொன்ன நேரத்தில், வேலைக்குப் போகும் பெண் பிள்ளை பெற முடிகிற மாதிரி நாட்டை மாற்றுங்கள் என்று இவர்கள் சொன்னார்கள். திருமணமானதற்காகவோ கர்ப்பமானதற்காகவோ பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1939இல் அங்கே சட்டம் வந்தது. 1974இல் தாய்க்கான விடுப்பைப் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக மாற்றினார்கள். உலகில் அதுதான் முதல் முறை. விளைவு? மொத்த விடுப்பு நாட்களில் அப்பாக்கள் எடுத்தது முதலில் அரை விழுக்காடுதான். உரிமை கொடுத்தால் போதாது என்று புரிந்துகொள்ள அவர்களுக்கு இருபது ஆண்டுகள் ஆயின. நார்வே 1993இலும் ஸ்வீடன் 1995இலும் அப்பாவுக்கென்று ஒரு மாதத்தை ஒதுக்கின. அவர் எடுக்காவிட்டால் அந்த நாட்கள் குடும்பத்துக்கே இல்லாமல் போகும். அதற்குப் பிறகுதான் ஆண்கள் அசைந்தார்கள். இன்று ஸ்வீடனின் 480 நாட்களில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டை அப்பாக்கள் எடுக்கிறார்கள். ஜெர்மனி 2007இல் சம்பளத்தோடு இணைந்த பெற்றோர் படியையும், 2013இல் ஒரு வயதான பிள்ளைக்குக் காப்பக இடம் கேட்கும் சட்ட உரிமையையும் கொண்டுவந்தது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளிலும் அப்பாவுக்குக் குறைந்தது பத்து வேலை நாள் விடுப்பு வேண்டும் என்றது.

பணம், பிறகு தாய்க்கு நேரம், பிறகு காப்பகம், கடைசியில் அப்பா. நாம் முதல் இரண்டோடு நிற்கிறோம், அதில் இரண்டாவது சிலருக்கு மட்டும். தென்காசி மாவட்டத்தில் ஒரு காவல் ஆய்வாளர் மனைவியின் பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட வழக்கு 2023இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. அப்பாவின் விடுப்புக்கென இந்தியாவில் தனிச் சட்டம் தேவை என்று நீதிபதி விக்டோரியா கௌரி அப்போது சொன்னார். அந்தச் சட்டத்துக்காக இன்னும் காத்திருக்கிறோம்.

ஏன் இப்படி? நம் குடும்பக் கொள்கை தொடங்கிய இடம் வேறு. 1950களிலேயே சென்னை மாநிலம் கருத்தடைக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி, பின்னர் இங்கே தலைமைச் செயலாளராக வந்த ஆர்.ஏ.கோபாலஸ்வாமி அதை முன்னின்று நடத்தினார். குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகமும் சுவர்களில் ஏறின. ஐரோப்பிய அரசுகள் குடும்பத்தைப் பெரிதாக்கப் பார்த்த பல பத்தாண்டுகளில் நாம் அதைச் சிறிதாக்கப் பார்த்தோம். பிறந்த பிள்ளை சாகாமல் இருக்க, பசியாமல் இருக்க அடுத்த முயற்சிகள் வந்தன: 1980இல் ஊட்டச்சத்துத் திட்டம், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு. சென்னையில் காலை உணவு முதலில் வந்தது வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குத்தான். இவ்வளவு நல்லது செய்த மாநிலம், பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வதை மட்டும் வீட்டுப் பெண்களின் தலையிலேயே விட்டுவிட்டது.

சிறு குடும்பக் கணக்கு சட்டத்துக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு ஒரு வழக்கு. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மறுமணத்துக்குப் பிறகு கருவுற்றார். முதல் திருமணத்தில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் என்று சொல்லி அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளில் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அவருக்கு நியாயம் கிடைத்தது.

இப்போது காற்று மாறி வீசுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான். மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதிகளும் குறையும் என்ற மறுவரையறை பயத்தில், சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மேடைகளிலிருந்து குரல் வருகிறது. தொகுதிக் கணக்குக்காகப் பெண்ணின் வயிற்றைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேற்று குறை என்றவர்கள் இன்று கூட்டு என்கிறார்கள், இரண்டு முறையும் அவளைக் கேட்கவில்லை. காப்பகமும் விடுப்பும் கொடுத்தால் பிறப்பு கூடிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. எல்லாம் கொடுத்த ஸ்வீடனிலேயே 2024இல் சராசரி 1.43தான். பிறந்திருக்கிற பிள்ளைக்காகவும், வேலைக்குப் போயே ஆக வேண்டிய அம்மாவுக்காகவும் கேட்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் பால்னா திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தச் சொல்கிறது: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம். புழலில் காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஏழரை மணி நேரம் காணாது; இன்னும் மூன்றரை மணி நேரம் வேண்டும். அதற்கு இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும், குழந்தைக்கு மாலையில் ஒரு வேளைப் பாலும் சுண்டலும் தேவை. மாதவரம் மண்டலத்தில் மில்லும் குடோனும் இருக்கும் வார்டுகளில் இதை முதலில் தொடங்கலாம். அந்த மில்களும் குடோன்களும் மாநகராட்சிக்கு வரி கட்டுகின்றன. அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போதும்.