தார்ப்பாய் கட்டுவது யார் பொறுப்பு?

சேலம் சூரமங்கலத்திலிருந்து இரும்பாலை ரோட்டில் திரும்பும் ஒரு லாரியை நிறுத்தி டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். லோடு ஏற்ற லோடுமேன் இருக்கிறார், எடை போட எடைமேடை இருக்கிறது, பில் போட ஆபீஸ் இருக்கிறது. தார்ப்பாய் கட்ட? டிரைவர்தான். அதற்குத் தனிக்கூலி பெரும்பாலும் கிடையாது. கட்டாமல் கிளம்பினால் கேள்வி மட்டும் உண்டு.

முன்பு கிளீனர் இருந்தார். ஒருவர் மேலே நின்று படுதாவை இழுத்துவிட, இன்னொருவர் கீழே கயிறு வாங்குவார். இப்போது கட்டுப்படியாகாமல் பல வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. பாரம் ஏற்றிய லாரியின் உச்சி தரையிலிருந்து கிட்டத்தட்ட 4 மீட்டர். பக்கப்பலகை இல்லாத டிரெய்லர் என்றால் பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இரும்புத் தகட்டுக் காயிலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஜவ்வரிசி மூட்டை காலுக்கடியில் சரியும், மழையில் நனைந்த படுதா இரண்டு ஆள் பாரம் இழுக்கும். அதை விரித்துக்கொண்டே பின்னோக்கி நடக்கிறவருக்கு விளிம்பு எங்கே முடிகிறதென்று தெரியாது. தலைக்கு மேல் மின்கம்பி போனால் கேட்கவே வேண்டாம். ரயில்வே கூட்ஸ் ஷெட்டாக இருந்தால் மேலே ஓடுவது 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால் 'தார்ப்பாயை இன்னார் கட்ட வேண்டும்' என்று ஒரு வரி கிடையாது. ஆனால் பொறுப்பைப் பிரித்துக் காட்டும் சட்டங்கள் உண்டு. பாரம் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், 194(1ஏ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவு தனி. அந்தப் பிரிவு ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்ட வைத்தவரையும் ஓட்ட விட்டவரையும் சேர்த்தே சொல்கிறது. நடைமுறையில் சலான் விழுவது வண்டி நம்பர் மேல். லோடு ஏற்றி அனுப்பிய ஆலை கேட்டுக்கு ஒரு நோட்டீஸ்கூடப் போவதில்லை.

சரக்கு நனைந்தால் என்ன? 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வழியில் ஏற்படும் இழப்புக்குப் பொறுப்பு டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு. அலட்சியம் நடந்ததென்று சரக்குக்காரர் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் சரக்கை அதிக மதிப்பு சொல்லிப் பதியாவிட்டால், இழப்பீடு வாடகைத் தொகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வழக்குக்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். லீ பஜார் வியாபாரிகள் பலர் போனில் சண்டை போட்டே இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். லாரியின் இன்சூரன்ஸ் உள்ளே இருக்கும் சரக்குக்குச் செல்லாது, அதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும் என்பதும் நஷ்டம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

ஆக, சரக்கு நனையாமல் போய்ச் சேர நல்ல படுதாவும் கயிறும் கொடுப்பது வண்டிக்காரர் கடமை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கட்ட ஒரு மனிதன் 4 மீட்டர் உயரத்தில் ஏறுவது யாருடைய இடத்தில்? லோடு ஏற்றும் இடத்தில். உயரத்தில் வேலை செய்யும் எவரும் விழாதபடி தடுப்போ வேறு ஏற்பாடோ வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 32ஆம் பிரிவிலேயே சொல்லியாயிற்று. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. ஏறி நிற்க ஒரு மேடை, இடுப்பில் மாட்ட ஒரு பெல்ட், அதைக் கொக்கியிட மேலே ஒரு கம்பி. இவ்வளவுதான் செலவு. 'வெளியே போய்க் கட்டிக்கோ' என்று வண்டியை ரோட்டோரத்துக்கு விரட்டும் கேட்டுகள் இந்தச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் கனரக வாகனச் சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. சரக்கு அனுப்புபவர், பொதி கட்டுபவர், ஏற்றுபவர், நேரம் குறிப்பவர், வண்டி நடத்துபவர் எல்லாரும் பொறுப்புச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணி. பாரம் அவிழ்ந்தால் விசாரணை டிரைவரோடு நிற்காது. நம் லாரிக்காரர்களும் 'ஜிஸ்கா மால் உஸ்கா ஹமால்', அதாவது சரக்கு யாருடையதோ ஏற்றுக்கூலியும் அவருடையதே என்று பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கையில் தார்ப்பாய்க் கூலியையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? டிரைவரோ லோடுமேனோ வேலையின்போது அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். 1923ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடங்கிய இந்த உரிமை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 வயதுத் தொழிலாளி இறந்த குடும்பத்துக்கு வர வேண்டியது 15 லட்சத்துக்கும் மேல். ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து வெள்ளைத்தாளில் வாங்கும் கையெழுத்து செல்லாது. இறப்புக்கான தொகையைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மனுப்போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வண்டி நின்றுகொண்டிருந்தது, ஓடவில்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். வாகனத்தின் 'பயன்பாடு' என்பது ஓடும் நேரத்தோடு முடிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே, கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் சொந்த வண்டியைத் தாமே ஓட்டுபவர்கள் ஏராளம். அவர்களுக்கு முதலாளி என்று யாருமில்லை. 15 லட்ச ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடுதான் துணை. பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சுமைப்பணி செய்பவர்கள் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு பதிய ஓடினால் பயனில்லை.

அவிழ்ந்த கயிறோ சரிந்த பாரமோ ரோட்டில் போகிறவர் மேல் விழுந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யுங்கள். வண்டி நம்பரையும் பாரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

டிரைவர்களுக்கு ஒன்று. எல்.ஆர். எனும் லாரி ரசீதை வாங்கும்போதே 'தார்ப்பாய் கட்டியது யார், எங்கே' என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மேடை இல்லாத இடத்தையும் மேலே போகும் கம்பியையும் செல்போனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு, தனியாக ஏற மாட்டேன் என்று சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.