பந்தியில் பிறந்த இறையியல்

இறையியல் என்றதும் குருமடத்து நூலகமும் தடித்த புத்தகங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அன்றாடப் பிழைப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் சபைகளுக்குள்ளேயே உண்டு. ஆனால், ஆதித் திருச்சபையை உலுக்கிய பெரிய வழக்கு ஒன்று சாப்பாட்டுப் பந்தியில்தான் வெடித்தது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு பேதுரு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பந்தியை விட்டு விலகினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள், பர்னபாகூட விலகினார். பவுல் சும்மா இருக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இந்தச் சம்பவத்தைச் சொன்ன கையோடுதான், மனிதன் தன் செயல்களால் அல்ல, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறான் என்ற போதனையை அவர் எடுத்து வைக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் சீர்திருத்த இயக்கத்துக்கே அடித்தளமாக்கிய போதனை அது. ஆகவே, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது கிறிஸ்தவத்தில் வெறும் பழக்கவழக்கம் அல்ல. அது கோட்பாடு. இன்றைய தமிழ்ச் சமூகத்தோடு கிறிஸ்தவ இறையியல் பேச வேண்டுமானால், அதன் பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

"ஆத்துமாவைப் பற்றிப் பேசுங்கள், சமூகச் சீர்திருத்தத்தை அரசியல்வாதிகளிடம் விட்டுவிடுங்கள்" என்று சொல்கிறவர்கள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். இயேசுவின் கடைசி இராப்போஜனத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துப் பதிவு அதுதான். நான்கு சுவிசேஷங்களுக்கும் முந்தியது. அந்தப் பதிவு ஒரு கண்டிப்புக்கு நடுவில் வருகிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார் பவுல். அப்பமும் ரசமும் இருந்தன, ஜெபமும் இருந்தது; பகிர்வு இல்லாததால் சடங்கே செல்லாது என்று தீர்ப்பளித்தார். சீர்திருத்தச் சபையார் திருவிருந்து என்றும் கத்தோலிக்கர் நற்கருணை என்றும் வணங்கிப் பெறுவதை ஆத்துமா சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் சுருக்குவதற்கு அந்த அதிகாரம் இடம் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகள் உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். யார் எங்கே உட்காருவது, திருவிருந்துக்கு யார் முதலில் வருவது என்பவைதான் அன்று தஞ்சாவூரில் பிரச்சினை. ஒன்றாக வருவதற்குச் சம்மதிக்காமல் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இந்த நோயைக் கட்டடமாகவே காட்டியது. ஒரே பீடம், அதை நோக்கி, கால்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு நீண்ட கூடங்கள், வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம். குருவுக்கு இரு பக்கமும் தெரியும். ஒரே பூசைக்கு வந்த மக்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910இல் இரு கூடங்களுக்கும் நடுவிலிருந்த தடுப்பு உடைக்கப்பட்டபோது, தனி இடம் தங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பினர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தடுப்பு போனாலும் திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைப் பிரித்த சுவர் நம் காலம்வரை பேசப்பட்டது. 2008 மார்ச்சில் எறையூரில், தனிப் பங்கு கேட்டுத் தலித் கத்தோலிக்கர்கள் நடத்திய போராட்டத்தையொட்டிக் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள்.

இதற்கெல்லாம் சொல்லப்படும் சமாதானம், "அது மதம் அல்ல, பண்பாடு" என்பது. இந்த வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரை அணுகுவதற்காகச் சைவ உணவுக்கும் காவிக்கும் மாறினார். பரதவர்களிடையே பணிசெய்த சக இயேசு சபைத் துறவியிடமிருந்து விலகித் தனியே குடியிருந்தார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்த தொண்டு பெரிது. ஆனால், அந்தியோகியாவில் பேதுரு செய்ததைத்தான் அவரும் செய்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும், கீர்த்தனைகளால் தமிழ்ச் சபையை வளர்த்த அதே பேனாவால், சாதி வழக்கங்களை உலக ஒழுக்கமாகக் கருத வேண்டும் என்று வாதாடினார். வெளிநாட்டு மிஷனரிகள் தமிழ் மரபை மிதிக்கிறார்கள் என்ற அவரது கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், எவருடைய மரபு என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. பறையும் கும்மியும் தெம்மாங்கும் தமிழ்ப் பண்பாடு இல்லையா?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இந்தத் தென்னிந்தியத் திருச்சபைக் குரு, கிராமத்து மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டு முறையை அமைத்தார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையை ஆலய வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவரது இறையியலின் மையம் 'ஒரு உலை': எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் இட்டு, எல்லாரும் சேர்ந்து உண்பது. அரிசி யாருடையது என்ற கேள்வி உலை கொதித்ததும் இல்லாமல் போகிறது. திருவிருந்தின் பொருளை ஒரு கூலித் தொழிலாளிக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. பண்பாட்டை மதித்துக்கொண்டே சாதியைத் தள்ள முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

அப்பாவு சொன்னது ஆகாயத்திலிருந்து விழுந்த யோசனையும் அல்ல. தென்மாவட்டங்களில் பிரதிஷ்டைப் பண்டிகைகளிலும் அந்தோணியார் திருவிழாக்களிலும் நடக்கும் அசனத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வீட்டுக்கு வீடு அரிசியும் காணிக்கையும் வந்து சேரும். விடிய விடியப் பெரிய அண்டாக்களில் உலை கொதிக்கும். வடித்த சோறு பாயில் மலைபோலக் குவியும். வியாபாரியும் கொத்தனாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். இறையியல் செய்யச் சொல்வது ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. குறை எங்கே என்றால், அசனம் முடிந்த மறுநாள் அவரவர் தெருவுக்குத் திரும்பியதும் அந்தப் பந்தி மறந்துபோகிறது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'சி.எஸ்.ஐ.', 'ஆர்.சி.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் தவறாமல் இடம்பெறுகிறது.

"காலம் மாறிவிட்டது, ஓட்டலிலும் அலுவலகக் கேன்டீனிலும் யார் பக்கத்தில் யார் என்று எவரும் கேட்பதில்லை, இதற்கு இறையியல் எதற்கு?" என்பது இன்னொரு தடை. ஓட்டல் செய்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அங்கே பக்கத்தில் இருப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. பில் கொடுத்ததும் உறவு முடிந்தது. தெரிந்தவரை, தெரிந்தே, நம் வீட்டு அடுப்படிவரை அழைத்துப் பரிமாறுவது வேறு. கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் கல்யாணப் பேச்சு வந்ததும் சாதி விசாரிக்கிறார்கள் என்றால், நவீன வாழ்க்கை தானாக இதைத் தீர்த்துவிடாது என்றுதான் அர்த்தம்.

கடைசித் தடை அரசியல் சார்ந்தது. சபைக்குள் சாதி இருக்கிறது என்று நாமே சொன்னால் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்கிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிர். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவுபடுத்தப்பட்ட பிறகும், தலித் கிறிஸ்தவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. மதம் மாறியும் தீண்டாமை தொடர்கிறது என்பதுதான் அவர்கள் கோரிக்கையின் அடிப்படை. அதை மறைக்கிற சபை, தன் சொந்தப் பிள்ளைகளின் வழக்கைத் தானே கெடுக்கிறது. 2003இல் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொள்வது கிறிஸ்தவர்களுக்கு அவமானம் அல்ல. மனந்திரும்புதலின் முதல் படியே அதுதான்.

இனி அறிக்கைகளால் மட்டும் ஆகப்போவது ஒன்றுமில்லை. சேகரக் கமிட்டிகளும் பங்குப் பேரவைகளும் செய்யக்கூடியவை கண்முன்னே இருக்கின்றன: எல்லாருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம், எல்லாத் தெருவுக்கும் செல்லும் திருவிழாத் தேர், சாதி பார்க்காத சபைத் தேர்தல். வீடுகளில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. திருமண விளம்பரத்தில் அந்த ஒரு சொல்லை விட்டுவிடுங்கள். இந்த ஞாயிறு திருவிருந்தில் உங்கள் பக்கத்தில் மண்டியிட்டவரை, அவர் எந்தத் தெருவாக இருந்தாலும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழையுங்கள்; அவர் அழைத்தால் நீங்களும் போங்கள். பவுல் பேதுருவிடம் கேட்டதும் இதைத்தான்.