நோயின் சுவடு



காசிமேட்டுப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாயிருந்தபோது, ஒருநாட்காலை வருகைப் பதிவேட்டில் ஐந்து பெயர்களுக்கு நேரே வராமைக் குறி இட்டேன். மீன் மிகுதியாகக் கிடைத்த நாள். பிள்ளைகள் துறைமுகத்துக்கு ஓடியிருப்பர் என்று சினந்தேன். மாலையில் முகவரிகளைப் பார்த்தேன். ஐவரும் ஒரே தெருவினர். நேரிற் சென்றபோது, ஐந்து வீட்டிலும் வயிற்றுப்போக்கு. ஐவர் வீட்டாரும் தண்ணீர் பிடித்தது ஒரே குழாயில். காலையிலேயே அப்பதிவேட்டை நான் சரிவரப் படித்திருந்தால், ஒரு பகற்பொழுது வீணாகியிராது.

யாருக்கு, எங்கே, எப்போது என்னும் மூன்று வினாக்களே நோயின் சுவட்டைத் தொடரும் கலைக்கு அடிப்படை. விக்டோரியா அரசியார் காலத்து இலண்டனில், 1854-இல் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இவ்வினாக்களோடு வீடு வீடாகச் சென்றார். தென் இலண்டனில் இரு கம்பெனிகள் ஒரே தெருக்களுக்குத் தண்ணீர் அளித்தன. ஒன்று நகரக் கழிவு கலந்த தேம்ஸ் நீரை எடுத்தது. மற்றது 1852-இல் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறியிருந்தது. முன்னதில் 10,000 வீடுகளுக்கு 315 சாவுகள், பின்னதில் 37. காலராக் கிருமியை ஸ்னோ அறியார். ராபர்ட் காக் கல்கத்தாவில் அதனைப் பிரித்தெடுத்தது 1884-இல்தான். எனினும் முகவரியே அவருக்கு வழிகாட்டிற்று.

காசிமேட்டுக்கு அணித்தேயுள்ள தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையும் இக்கலைக்குப் பெருந்தொண்டு ஆற்றியது. அங்கு டாக்டர் ஏ. இராமச்சந்திர ராவ் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளை ஆராய்ந்தார். நோயாளி இருந்த வீடுகளைத் தொடர்ந்து கவனித்ததில், தடுப்பூசி போடாதோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேருக்கு நோய் கண்டது. போட்டவருள் ஒருவருக்கே கண்டது. ஆகவே, நோயாளியைக் கண்டறிந்து சுற்றியிருப்போருக்கு உடனே ஊசியிட்டால், நோய்க்கு அடுத்த ஆள் கிட்டாது. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததற்கு இம்முறையும் காரணமாயிற்று.

ஆனால் இக்கலை மக்களின் நம்பிக்கையையே சார்ந்தது. தொற்றுநோய்களை மருத்துவர் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்று 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் விதித்தது. வீட்டார் மறைத்தால் மருத்துவர் எதனை அறிவிப்பார்? 2020 ஜூன் தொடக்கத்தில், கொரோனாத் தொற்றில் சென்னை மாநகராட்சி மண்டலங்களுள் இராயபுரமே முதலிடத்தில் இருந்தது. எங்கள் பகுதியின் பெயரைக் கேட்டதும் விலகி நின்றோரைக் கண்டேன். அவ்விலகலுக்கு அஞ்சிக் காய்ச்சலை மறைத்தோரையும் கண்டேன். பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒரு வீடு மறைத்தால், அடுத்த வீடு அறியாமலே நோயை ஏற்கும்.

நாளை உங்கள் வகுப்பில் ஓர் இடம் வெறுமையாயிருந்தால், ஏன் என்று அன்போடு வினவுங்கள். சுவடு அங்கேதான் தொடங்கும்.