எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால்

சென்னையின் பழைய தெருக்கள் பலவற்றில், படியேறி வீட்டுக்குள் போன காலம் மாறி இப்போது படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வீடு ஒன்றும் புதையவில்லை. ரோடுதான் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே வந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டதால் வந்த வினை இது. பெருமழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வந்துவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுப்பதற்கு ‘மில்லிங்’ என்று பெயர். இந்தச் சொல்லைப் பொறியாளர்களுக்குச் சரிசமமாக உச்சரித்து, ‘மில்லிங் பண்ணாமல் ரோடு போடாதீர்கள்’ என்று வழிமறிப்பவர்கள் பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்காரர்கள்.

ஏழு பேர் சேர்ந்தால் இப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கிவிடலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் யாருக்கும் சம்பளம் இல்லை. செயலாளர் பெரும்பாலும் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

ஆனால் சங்கத்துக்கு மாமன்றத்தில் இடம் கிடையாது, ஓட்டும் கிடையாது. அதன் தீர்மானத்தை ஏற்றே ஆக வேண்டும் என்று மாநகராட்சியைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி கவுன்சிலர்தான். அப்படியிருந்தும் சில சங்கங்களின் பேச்சு எடுபடுகிறது, பல சங்கங்களின் மனு குப்பைக்குப் போகிறது. இந்த வித்தியாசத்துக்குச் செல்வாக்கு ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் எப்போது பேசுகிறார்கள் என்பதே பெரிய காரணம் என்பேன்.

ரோடு போடும் வேலையையே எடுத்துக்கொள்வோம். உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் தயாரிக்கிறார். மேலே ஒப்புதல் கிடைத்ததும் டெண்டர், அப்புறம் ஒர்க் ஆர்டர். ஜல்லி வந்து இறங்கிய அன்று தெருவே திரண்டு மில்லிங் கேட்டால், “அது எஸ்டிமேட்டில் இல்லை சார்” என்பார் ஒப்பந்ததாரர். அவர் சொல்வதில் பொய் இல்லை. அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அதே கோரிக்கையை எஸ்டிமேட் போடும் முன்பே, தெருவின் இப்போதைய மட்டத்தையும் எந்தெந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது என்பதையும் குறித்து எழுத்தில் கொடுத்தால், அந்த வேலையை எஸ்டிமேட்டிலேயே சேர்க்க வாய்ப்பு உண்டு. கூடவே குடிநீர் வாரியத்துக்கும் ஒரு கடிதம் போட்டு, குழாய் பதிக்கும் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டு வைக்க வேண்டும். போட்ட ரோட்டை மறுமாதமே வெட்டுவது நமக்குப் பழகிப்போன காட்சி. இரண்டு துறைகளுக்கு நடுவே நடந்து தகவல் சொல்லும் தூதுவேலை சங்கத்தின் தலையில் விழுகிறது. விழக் கூடாதுதான், ஆனாலும் விழுகிறது.

போய்ப் பேசுவதற்கான வாசல்கள் பல உண்டு. சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற புகார் எண் இருக்கிறது. குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை குறைகேட்புக் கூட்டம் நடக்கும். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். எங்கே போனாலும் மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்வது முக்கியம். பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

சங்கங்கள் உறுதியாக நின்று ஜெயிப்பது பூங்கா நிலத்தில். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் அதில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதைத்தான். வருஷங்கள் ஓட, வேலி இல்லாத அந்த இடத்தில் முதலில் கார் நிற்கும், பிறகு கொட்டகை முளைக்கும், கடைசியில் யாரோ பத்திரமே பதிந்துவிடுவார்கள். அப்போது யார் கையிலாவது ஒப்புதல் பெற்ற லேஅவுட் வரைபடமும் தானப் பத்திர நகலும் இருந்தாக வேண்டும். அலுவலகத்தில் அதிகாரிகள் மாறிப் போவார்கள். தெருவில் இருப்பவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். சங்கத்தின் பீரோ ஊரின் ஞாபகமாக ஆவது இப்படித்தான்.

நீதிமன்றமும் கைகொடுத்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையோடு மல்லுக்கட்டிய ஒரு வார்டு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி, தன்னிடம் பணமில்லை என்றது. 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. அடிப்படைச் சுகாதாரத்தைச் செய்து தரும் கடமையிலிருந்து, நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி நழுவ முடியாது என்றார்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். சங்கம் யாருக்காகப் பேசுகிறது? பல சங்கங்களின் விதிகளில் வீட்டுச் சொந்தக்காரர்தான் உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் தெருவில் பாதிப் பேர் என்றாலும் அவருக்குக் குரல் இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் பேசப்படும் பொருளாக இருப்பார்கள், பேசுபவர்களாக அல்ல. ‘தள்ளுவண்டிகளை அகற்ற வேண்டும்’ என்று மனு போடும் சங்கங்களின் வீடுகளுக்கே அந்த வண்டியிலிருந்துதான் கீரை போகிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டது. அது அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடம் உண்டு. ஆனால் குறைந்தது நாற்பது சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அகற்றச் சொல்கிறவரும் அகற்றப்பட இருப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஏரியா சபையிலும் இப்படி எல்லோருக்கும் இடம் உண்டு. கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2022-இல் தமிழக அரசு அந்த ஏரியா சபைக்கான விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டும் பல ஏரியாக்களாகப் பிரிக்கப்படுகிறது. அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் வந்து பேசலாம். மேலே கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. ஏரியா பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்காமல் நியமிக்கிறார்கள் என்பது நியாயமான குறை.

சில சங்கக்காரர்களுக்கு இந்தச் சபை போட்டியாகத் தெரிகிறது. தேவையில்லாத மனத்தாங்கல் அது. சங்கத்தின் லெட்டர்பேடில் போகும் கோரிக்கையை எடுத்துக்கொள்வதும் விடுவதும் அதிகாரியின் விருப்பம். அதையே சபையில் வைத்து நிறைவேற்றினால் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது, வார்டு குழுவுக்கு முன் போகிறது. கூட்டத் தேதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வாடகைக்காரர் வீட்டுக் கதவையும் தட்டி, இஸ்திரி வண்டிக்காரரிடமும் சொல்லி அழைத்துப் போக வேண்டும். மில்லிங்கோ மழைநீர் வடிகாலோ, கேட்பதை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது. கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும்.