உங்களுக்குத் தெரியுமா? பூச்சியுண்ணும் இலங்கைச் செடி

மடகாஸ்கர் தீவு முதல் நியூகலிடோனியா வரை நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பரந்து கிடக்கும் குடுவைச் செடிக் குடும்பத்தில், சுவீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு தமது மகத்தான நூலில் சேர்த்த ஒரே இனம், இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத பாந்துராச் செடியேயாகும்!

• சத்தற்ற மண்ணில் வாழும் இச்செடி, தன் குடுவையின் வழுவழுப்பான உட்சுவரில் சறுக்கி விழும் எறும்புகளையும் ஈக்களையும் உள்ளிருக்கும் திரவத்திலே ஜீரணித்துத் தனக்கு வேண்டிய நைதரசனைப் பெறுகிறது. ஆகவே வேருக்கு உரமிட வேண்டாம்.

• வீட்டினுள் கண்ணாடிப் பேழையில் வளர்ப்போருக்குப் புழுக்கம் அனுகூலமே. பிரதான சத்துரு தண்ணீர்தான். தம்புள்ளை, கலேவலை போன்ற மாத்தளை மாவட்டத்து உலர்வலயப் பகுதிகளில் கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீராதலால், அதிலுள்ள உப்புகள் நாளடைவில் மண்ணிற் சேர்ந்து வேரை நாசமாக்கிவிடும். மழைநீரே உத்தமம். உப்புப் போக நன்கு அலசிய தென்னந் தும்புத்தூளையும் மண்ணாகப் பயன்படுத்தலாம்.

• நேர்வெயில் பட்டால் பேழை கொதித்துச் செடி வெந்துவிடும்.

• நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்தில் எந்தச் செடியையும் பிடுங்குவது சட்டவிரோதம். நாற்றுப்பண்ணையில் வளர்த்த செடியையே வாங்குங்கள்.